பண்ணைப் பறவையைக் கொல்ல வேண்டிய நிலை வந்தால்: துன்பமில்லாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கோழி வளர்க்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வரும். ஷெட்டுக்குள் போகிறீர்கள், சுவரோரமாக ஒரு கோழி காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறது. தண்ணீர் இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறது, அதுவரைக்கும் நகர முடியவில்லை, மற்றக் கோழிகள் மேலே மிதித்துக்கொண்டு போகின்றன. இது தேறாது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் கை வராது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீனி போடப் போய்விடுவோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும், மற்றவை கொத்திய காயமும் சேர்ந்திருக்கும்.

நானும் அப்படிச் செய்தவன்தான். முதல்முறை இப்படி ஒரு கோழி வந்தபோது இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டு. அந்த இரண்டு நாளும் அது தாகத்தோடு கிடந்தது. தள்ளிப்போடுவதுதான் பண்ணையில் நடக்கிற பெரிய கொடுமை என்பது அன்றைக்குப் புரிந்தது. சீக்கிரம் முடிவெடுப்பது, கை தெரிந்து செய்வது, உயிர் போய்விட்டதை உறுதி செய்வது, இந்த மூன்றும்தான் கீழே எழுதியிருப்பதன் சாரம். மனது கனமாக இருந்தாலும் முழுக்கப் படியுங்கள், ஏனென்றால் தெரியாமல் செய்கிறவர் கையில்தான் பறவை அதிகம் துன்பப்படுகிறது.

முதல் படி: எப்போது கொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

அந்த நேரத்தில், பறவையைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்க நினைத்தால் எடுக்க முடியாது. அதனால் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, எந்தெந்த நிலையில் உடனே கழிப்பது, அதாவது கொன்றுவிடுவது, எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று கால்நடை மருத்துவரோடு பேசி ஒரு தாளில் எழுதி ஷெட் கதவில் ஒட்டிவிடுங்கள். என் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். எழுந்து நிற்க முடியாத கோழி, தண்ணீருக்கும் தீனிக்கும் தானாகப் போக முடியாத கோழி, கால் எலும்போ இறக்கை எலும்போ முறிந்தது, முட்டைக்குழாய் வெளியே தள்ளி மற்றவை கொத்திக் கிழித்துவிட்டது, வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்குவது, சதை தெரியும்படி கொத்துப்பட்டது, வளராமல் குன்றிப்போய்க் கண் மூடியே நிற்கும் குஞ்சு. இவற்றுக்கு அன்றைக்கே முடிவு, அதாவது கண்ணில் பட்ட அந்தச் சுற்றிலேயே.

பிராய்லர் வளர்ப்பவர்களுக்கு நடையை வைத்து அளக்கும் முறை ஒன்று உண்டு. 1992இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 0 முதல் 5 வரை மதிப்பெண். 0 என்றால் தடையில்லாத நடை, 3 என்றால் நொண்டுவது நன்றாகத் தெரியும், 4 என்றால் கட்டாயப்படுத்தினால் மட்டும் இரண்டடி வைத்து உட்கார்ந்துவிடும், 5 என்றால் நடக்கவே முடியாது. 4, 5 வந்தால் காத்திருப்பதில் பயனில்லை. 3இல் இருப்பதைத் தனியாக எடுத்து, பக்கத்திலேயே தண்ணீரும் தீனியும் வைத்து, 24 மணி நேரம் பாருங்கள். தேறினால் சரி, இல்லையென்றால் அடுத்த நாள் இன்னொரு நாள் என்று நீட்டாதீர்கள். தேறுமா தேறாதா என்று தெரியாத பறவையைத் தனிக் கூண்டில் போட்டுவிட்டு மறந்துபோவதும் ஒருவகைத் தள்ளிப்போடல்தான், அதைப் பல பண்ணைகளில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தாள் பயன்பட வேண்டுமென்றால் தினம் குறைந்தது இரண்டு முறை ஷெட் முழுக்க நடக்க வேண்டும், நடு வழியில் மட்டும் நடந்தால் போதாது. சுவரோரம், தீனித் தட்டின் கீழே, விளக்கு வெளிச்சம் குறைவான மூலை, அங்கேதான் முடியாத கோழி போய் ஒதுங்கும். படுத்திருக்கும் கோழியைக் காலால் மெல்லத் தொட்டு எழுப்பிப் பாருங்கள். எழுந்து போகிறதா என்பதுதான் சோதனை.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு சாவு, கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, கழுத்து திருகிக்கொள்வது, முட்டை திடீரென்று விழுந்துபோவது என்றெல்லாம் இருந்தால் கழிப்பு வேலையைத் தொடங்காதீர்கள். பறவைக் காய்ச்சலாகவோ ராணிக்கெட் நோயாகவோ இருக்கலாம், பெரும்பாலான நாடுகளில் இவை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள். யாரையும் உள்ளே விடாமல், எதையும் வெளியே எடுக்காமல், நீங்களே அறுத்தும் பார்க்காமல், முதலில் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கையைத் தயார் செய்வது

உயிருள்ள பறவையின் மேல் யாரும் முதல்முறையாகப் பழகக் கூடாது. செத்த கோழியை வைத்துப் பழகலாம். கழுத்து எலும்பு எங்கே சேர்கிறது, எவ்வளவு இழுத்தால் பிரிகிறது, பிரிந்த பிறகு விரலில் எப்படித் தெரிகிறது, எல்லாவற்றையும் செத்த கோழியிலேயே கற்றுக்கொள்ள முடியும். பத்து இருபது முறை செய்து கை பழகிய பிறகு, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, உயிருள்ளதைச் செய்ய வேண்டும்.

எந்த முறை என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. விலங்குகளைக் கொல்லும்போது அவற்றுக்குத் துன்பம் வராமல் காக்க ஐரோப்பிய ஒன்றியம் போட்ட 1099/2009 விதி நல்ல அளவுகோல், அந்த நாடுகளில் இல்லாதவர்களும் வைத்துக்கொள்ளலாம். கையால் கழுத்து எலும்பைப் பிரிப்பது 3 கிலோ வரைதான், அதற்கென்று உள்ள கருவியால் என்றால் 5 கிலோ வரை, தலையில் அடிப்பதும் 5 கிலோ வரைதான். அதோடு ஒரு ஆள் ஒரு நாளில் கையால் 70 பறவைக்கு மேல் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. கை சோர்ந்தால் இழுப்பு தளரும், இழுப்பு தளர்ந்தால் எலும்பு சரியாகப் பிரியாது, அந்த 71ஆவது பறவை பாதி உயிரோடு துடிக்கும். விதியில் எண்ணைப் படிப்பதைவிட அந்த எண் எதற்காக வந்தது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம்: உங்களுக்கு 30ஆவதிலேயே கை சோர்ந்தால் உங்கள் வரம்பு 30தான்.

இன்னொன்று, மாற்று வழி. முதல் முயற்சி தவறினால் அடுத்த நொடி என்ன செய்வீர்கள்? அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேடப் போகக் கூடாது.

மூன்றாம் படி: பிடிப்பதும் தூக்குவதும்

பலரும் கவனிக்காத இடம் இது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பும் விலாவும் அசைந்து காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வந்தால்தான் அதற்கு மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு நிற்கும். தலைகீழாகத் தொங்கவிட்டால் குடல் எல்லாம் காற்றுப் பைகளின் மேல் இறங்கி அழுத்தும், அதனால்தான் அது அப்படிப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. காலில் வலி உணரும் நரம்புகளும் உண்டு, நொண்டிக் கோழியை ஒற்றைக் காலில் தூக்குவது புண்ணில் குத்துவது மாதிரி. முட்டைக் கோழி வயதானதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு கொடுத்துக் கொடுத்து எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கும், கூண்டிலிருந்து இறக்கையைப் பிடித்து இழுத்தாலே முறிந்துவிடும்.

அதனால் இரண்டு கையாலும், இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, நிமிர்ந்த நிலையில் தூக்குங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், அரையிருட்டில் கோழி அடங்கிப்போகும். தூக்கிக்கொண்டு ஷெட்டைத் தாண்டி வெகுதூரம் நடக்காதீர்கள், மற்றக் கோழிகளின் கண்ணுக்கு மறைவாக ஒரு தட்டி வைத்து அருகிலேயே செய்வது நல்லது. சத்தம் போட்டுப் பேசவும் வேண்டாம்.

நான்காம் படி: முறைகள்

கையால் கழுத்து எலும்பைப் பிரிப்பது. ஓரிரு கோழி, காடை, சின்ன வாத்து என்றால் பெரும்பாலோர் செய்வது இதுதான், கருவியும் வேண்டாம். வலது கைக்காரர் என்றால் இடது கையால் இரண்டு காலையும் இறக்கை நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, கோழியின் உடலை உங்கள் தொடையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நொடி வரை அது தொங்காமல் உங்கள் உடலில் சாய்ந்தே இருக்கட்டும். வலது கையின் முதல் இரண்டு விரல்களுக்கு நடுவில் கழுத்து வரும்படி, மண்டைக்குச் சரியாகப் பின்னால் பிடியுங்கள், கட்டைவிரல் அலகுக்குக் கீழே. அப்புறம் ஒரே இழுப்பு, கீழ்நோக்கி, நேராக, அதே நேரத்தில் தலையைப் பின்பக்கமாக மடக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுக்கக் கூடாது, முறுக்கவும் கூடாது. மண்டையும் முதல் கழுத்தெலும்பும் பிரிவது கையில் தெரியும்.

பிரிய வேண்டிய இடம் மண்டைக்கு ஒட்டிய இடம். கழுத்தின் நடுவில் பிரிந்தால் முதுகுத்தண்டு மட்டும் அறுந்து, உடல் செயலிழந்து, மூளை இன்னும் சிறிது நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். மேலே பிரிந்தால் மூளைத் தண்டு சிதைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுகின்றன. சரியாகச் செய்தாலும்கூட நினைவு அந்தக் கணமே போவதில்லை, சில விநாடிகள் ஆகும் என்று மூளையின் மின்னோட்டத்தை அளந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த முறை முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன், கைவசம் இருப்பதில் பயிற்சி உள்ளவர் செய்தால் ஏற்கத்தக்கது, அவ்வளவுதான். வேறு நல்ல கருவி வாங்க முடிந்தவர்கள் அதற்குப் போவதே சரி.

இழுத்த பிறகு மண்டைக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். எலும்பில்லாத வெறும் தோல் இடைவெளி ஒன்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரியவில்லை என்று பொருள்.

கழுத்தைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவது, இடுக்கி மாதிரிக் கருவியால் நெரிப்பது இதெல்லாம் இதோடு சேர்த்தியில்லை. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் நசுக்கினால் மூச்சுக்குழாய் அடைபட்டுத்தான் அது சாகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 1963 முதல் கருணைக் கொலைக்கான நெறிமுறைகளைத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வருகிறது, அதிலும் கழுத்தெலும்பு நசுங்காமல் பிரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

தலையில் அடிப்பது. கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் சரியாக விழுந்த ஒரு அடி கழுத்து இழுப்பைவிட வேகமாக நினைவைப் போக்கும். சரியாக விழுவதுதான் சிக்கல். கனமான மழுங்கிய தடி, ஒரே அடி, கொண்டைக்குச் சற்றுப் பின்னால் மண்டையின் உச்சியில். பறவையை இன்னொருவர் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். தடி இருக்கிறது, தடி பிடித்துப் பழகிய கை இல்லை என்றால் இதைத் தொடாதீர்கள். பறவையைத் தூக்கிச் சுவரிலோ தரையிலோ அடிப்பது இந்த முறை கிடையாது, அதில் அடி எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போல்ட் துப்பாக்கி. வான்கோழி, பெரிய வாத்து, தாய்க்கோழிப் பண்ணையின் கனத்த சேவல் இவற்றுக்கு என் பரிந்துரை இதுதான். குண்டு வெளியே போகாது, உள்ளிருக்கும் உலோகத் தண்டு பாய்ந்து மண்டையில் மோதி மூளையை அந்த நொடியே சிதைக்கும். பறவைகளுக்கென்றே தட்டையான தலையுள்ள கருவிகள் கிடைக்கின்றன, தோட்டாவிலோ அழுத்தக் காற்றிலோ எரிவாயுக் குப்பியிலோ இயங்கும். கோழிக்குக் கொண்டைக்குச் சரியாகப் பின்னால், நடுக்கோட்டில், மண்டைக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் வழுக்கிவிடும். அடித்த உடனே பறவை மிகக் கடுமையாக இறக்கை அடிக்கும், முன்பே தெரியாதவர்கள் பயந்து பிடியை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் கருவியைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் தண்டின் வேகம் குறைந்துகொண்டே வரும், அந்தக் குறையைப் பறவைதான் அனுபவிக்கும்.

மின்சாரம். கையால் பிடிக்கும் மின்முனைக் கருவியால் தலைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மயக்கி, மயக்கம் தெளிவதற்குள் கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாயையும் அறுத்துவிடுவது. மேலே சொன்ன ஐரோப்பிய விதிப்படி கோழிக்குக் குறைந்தது 240 மில்லிஆம்பியர், வான்கோழிக்கு 400. மயக்கம் சில விநாடிகளுக்குத்தான், அறுப்பதற்கு 15 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு மின்கம்பியை வைத்து நாமே ஏதாவது செய்து பார்ப்பது பறவைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

மயக்காமல் தலையை ஒரே வெட்டாக வெட்டுவது வேகமானது என்று பலர் நினைக்கிறோம். வெட்டு நம் கண்ணுக்குத்தான் வேகம். தலைக்குள் மூளையின் செயல்பாடு சுமார் 30 விநாடி வரை நீடிக்கலாம். மயக்கிவிட்டு வெட்டினால் அந்தக் கேள்வியே வராது.

வாயு. நிறையப் பறவைகளை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றாகக் கையில் எடுக்காமல் செய்ய முடியும் என்பதுதான் இதன் பலம். கார்பன் டையாக்சைடு எளிதில் கிடைக்கும், ஆனால் அது ஈரமான மூக்கிலும் கண்ணிலும் பட்டால் அமிலமாகி எரியும். ஆரம்பத்திலேயே அடர்த்தியாக அடித்தால் பறவை தலையை உதறும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அதனால்தான் இரண்டு கட்டமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்: முதலில் 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் மெல்ல ஏற்றி நினைவு போகும்வரை வைத்திருப்பது, நினைவு போன பிறகு அடர்த்தியைக் கூட்டி உயிரைப் போக்குவது. ஆர்கான், நைட்ரஜன் போன்ற மந்த வாயுக்கள் எரியாது, பறவைக்கு அவை இருப்பதே தெரியாது. ஆனால் பெட்டிக்குள் ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும், கொஞ்சம் காற்று கசிந்தாலும் சாகாமல் மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும். அளவுமானி இல்லாமல் வாயு முறையில் இறங்கவே இறங்காதீர்கள்.

பெட்டியில் பறவைகள் ஒரே அடுக்காக நிற்க இடம் வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால் வாயு வருவதற்குள் கீழே உள்ளவை நசுங்கிவிடும். சிலிண்டரிலிருந்து நேரடியாக அடித்தால் பனி போலக் குளிர்ந்து வரும், அதை ஆவியாக்கி இதமான வெப்பத்துக்குக் கொண்டுவந்துதான் விட வேண்டும். வாகனப் புகைக்குழாயைச் செருகுவதைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சூடும் எரிச்சலும் நிறைந்த புகை. அப்புறம் உங்கள் பாதுகாப்பு: கார்பன் டையாக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. தனியாள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

குஞ்சும் முட்டையும். அப்போதுதான் பொரித்த குஞ்சுக்குக் கார்பன் டையாக்சைடு தாங்கும் சக்தி அதிகம், முட்டைக்குள் கடைசி நாட்களில் அந்த வாயு மிகுந்த காற்றில்தான் அது இருந்தது. வளர்ந்த கோழிக்குப் போதுமான அளவும் நேரமும் குஞ்சுக்குப் போதாது, கூட வைக்க வேண்டும். பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளை அதிவேகக் கத்திகள் உள்ள இயந்திரத்தில் விடுகிறார்கள், கத்தி கூர்மையாகவும் வேகம் குறையாமலும் இருந்தால் உயிர் நொடியில் போய்விடும். சாவு வேகமானது என்பதற்காக அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடைசெய்து, முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் தொழில்நுட்பத்துக்கு மாறியிருக்கிறது. பொரிக்காமல் நின்றுபோன முட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைக்காலத்தில் 80 சதவீதம் தாண்டிவிட்டால், கோழிக்கு ஏறக்குறைய 17 நாள், உள்ளே இருப்பதை முட்டை என்று நினைக்காமல் குஞ்சு என்றே நடத்துங்கள். குப்பையில் வீசினால் அது மெல்ல, உணர்வோடு சாகக்கூடும்.

ஊசி. மருத்துவர் கையால் மயக்க மருந்தை அதிக அளவில் கொடுப்பது மிக அமைதியான சாவு. பண்ணையில் எண்ணிக்கைக்குக் கட்டாது, ஆனால் இரண்டு மூன்று பறவை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. அந்த உடலைச் சாப்பிடவும் கூடாது, நாயோ கழுகோ எடுக்கும்படி போடவும் கூடாது, மருந்து அதற்குள் அப்படியே இருக்கும், தின்றதும் சாகும்.

ஐந்தாம் படி: உயிர் போய்விட்டதா?

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இழுத்தோம், துடித்தது, அடங்கியது, குப்பைத் தொட்டியில் போட்டோம் என்று போனால் அடுத்த நாள் அந்தத் தொட்டிக்குள் ஒன்று கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். நடந்திருக்கிறது. அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள் அப்புறம் ஒருநாளும் இந்தப் படியை விட மாட்டார்கள்.

துடிப்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கழுத்து பிரிந்தவுடன் இறக்கை பலமாக அடிப்பதும், கால் உதைப்பதும், உடல் முறுக்கிக்கொள்வதும் மூளையின் கட்டுப்பாடு அறுந்ததால் முதுகுத்தண்டிலிருந்து வருபவை, இரண்டு மூன்று நிமிடம்கூட நீடிக்கலாம். துடிக்கிற பறவைக்கு வலிக்கிறது என்று பதறி நாலு முறை இழுக்க வேண்டாம். அதேபோல அசையாமல் கிடப்பதாலேயே செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், பயத்தில் விறைத்துக் கிடப்பதும் கோழியின் குணம்தான்.

பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது மூச்சு: வயிற்றின் கீழ்ப்பக்கம், ஆசனவாயை ஒட்டிய இறகுகள் சீராக ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். எப்போதாவது ஒருமுறை வாய் பிளப்பது வேறு, சீரான மூச்சு வேறு, சீராக இருந்தால் மூளை வேலை செய்கிறது. இரண்டாவது கண்: பறவைக்கு மூன்றாம் இமை உண்டு, கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்கே ஓடும் மெல்லிய சவ்வு. கண்ணின் ஓரத்தை இறகு நுனியால் லேசாகத் தொட்டால் அது ஓடி மறைக்கக் கூடாது. மறைத்தால் நினைவு இன்னும் இருக்கலாம். கீழ் அலகில் விறைப்பு இருக்கக் கூடாது, தானாகத் தொங்க வேண்டும். கண்பாவை விரிந்துபோயிருக்கும். கடைசியாக மார்பில் கைவைத்து நெஞ்சுத்துடிப்பு நின்றதைப் பாருங்கள், மூளை செத்த பிறகும் நெஞ்சு கொஞ்ச நேரம் துடிக்கும் என்பதால் இதற்கு நிமிடங்கள் ஆகலாம்.

முதல் 30 விநாடிக்குள் மூச்சையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தாலே போதும், உடனே மாற்று வழி: கழுத்து ஏற்கெனவே நீண்டுபோயிருந்தால் மறுபடி இழுப்பது சரியாக விழாது, தலையில் ஒரு அடியோ போல்ட் கருவியோதான். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பதைவிடத் தேவையில்லாமல் இரண்டாவது அடி அடிப்பது எவ்வளவோ மேல். எல்லாம் நின்ற பிறகும் சில நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் உடலை அப்புறப்படுத்த வேண்டும்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை

தண்ணீரில் முக்குவது, சாக்கில் கட்டி மூச்சை அடைப்பது, உயிரோடு புதைப்பது, விஷம் வைப்பது, உறைபெட்டியில் போடுவது, மார்பை அழுத்திப் பிடிப்பது, தலையைப் பிடித்துச் சுழற்றுவது, தீனி தண்ணீர் கொடுக்காமல் தானாகச் சாகட்டும் என்று விடுவது. இவற்றில் எதற்கும் விளக்கம் தேவையில்லை.

மொத்த ஷெட்டையும் கழிக்க வேண்டி வந்தால்

தொற்று நோய் வந்தால் இது அரசின் கையில் போய்விடும், ஆனால் எந்த முறை என்று கேட்கவும் வற்புறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்குப் பரவியபோது நகரத்தின் கோழிகள் அனைத்தையும், பத்து லட்சத்துக்கும் மேல், சில நாட்களில் கொன்றார்கள். 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற இன்னொரு வகை வந்தபோது ஏறக்குறைய 3 கோடிப் பறவைகள். எண்ணிக்கை இப்படிப் போகும்போது தனிப் பறவையின் துன்பம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறைகளில் நோய்க் கட்டுப்பாட்டுக்காகக் கொல்வதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. நோயுள்ள பறவைகளை முதலில் முடிக்க வேண்டும், கொல்லும்வரை தீனி தண்ணீர் நிற்கக் கூடாது, முடிந்தவரை அவை இருக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும்.

வாயு நிரப்பிய பெட்டிகள், ஷெட்டை அடைத்து வாயு செலுத்துவது, நைட்ரஜன் நிரப்பிய பெரிய குமிழ் நுரை, இவை ஏற்கத்தக்கவை. நுரையில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். பெரிய குமிழில் நைட்ரஜன் இருந்தால் குமிழ் உடைந்து ஆக்சிஜன் இல்லாமல் பறவை மயங்கிப்போகிறது. வெறும் காற்று அடைத்த சின்னக் குமிழ் நுரை என்றால் அது மூச்சுக்குழாயை அடைக்கிறது, மூழ்கடிப்பதிலிருந்து அதிகம் வேறில்லை.

காற்றோட்டத்தை நிறுத்திவிடும் முறை என்று ஒன்று இருக்கிறது. விசிறிகளை அணைத்து, கதவுகளை மூடி, சூட்டை ஏற்றி, வெக்கையில் சாக விடுவது. கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல், அதற்கும் மேலே ஏற்றி ஏற்றிக் கொல்ல மணிக்கணக்காகும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2019 நெறிமுறை, கூடுதல் வெப்பமோ வாயுவோ சேர்த்தால் நெருக்கடியில் மட்டும் அனுமதிக்கலாம் என்றது, 2022இல் தொடங்கிய பறவைக் காய்ச்சல் அலையில் அங்கே அது பரவலாகவே பயன்பட்டது. சங்கத்துக்குள்ளேயே மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம். மலிவு, ஆள் வேண்டாம், விரைவாகத் தொடங்கலாம் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அந்த ஷெட்டுக்குள் கடைசி ஒரு மணி நேரம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் காரணங்கள் எதுவும் போதாது. நெருக்கடி வருவதற்கு முன்பே வாயுவுக்கும் பெட்டிகளுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தால் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை.

வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம், கையுறை, உடல் மூடும் உடை, முக்கியமாகக் கண்ணாடி. நெதர்லாந்தில் அந்த 2003 நோயில் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில்தான் வந்தது, ஒரு கால்நடை மருத்துவர் இறந்தும்போனார்.

செய்கிறவரின் மனது

ஒரே ஆளிடம் இந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள். தினமும் கொல்கிறவர் ஒன்று உள்ளுக்குள் உடைந்துபோவார், அல்லது மரத்துப்போவார், மரத்துப்போன கை பறவையை எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்து மாற்றுங்கள். என்னால் இன்றைக்கு முடியாது என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் வேறொருவர் செய்யுங்கள். புதிதாக வந்த பையன்களிடம் "இதுகூடச் செய்ய முடியாதா" என்று கேலி பேசுவதை எங்கே கேட்டாலும் நிறுத்துங்கள்.

உடலும் பதிவேடும்

குழி என்றால் கிணறு, ஓடை, நிலத்தடி நீர் மட்டம் இவற்றிலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில். உரமாக்குவது என்றால் மரத்தூளோ உமியோ அடியில் ஓரடிக்குக் குறையாமல் பரப்பி, உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து, மேலேயும் அதே அளவு மூட வேண்டும், உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறிச் சில நாள் நின்றால்தான் கிருமி சாகும். நோய்ப் பறவை என்றால் எங்கே எப்படி என்பதை அரசு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டில் தேதி, ஷெட் எண், பறவையின் வயது, எதற்காகக் கழித்தது, என்ன முறை, ஒரே முயற்சியில் முடிந்ததா, யார் செய்தது என்று எழுதுங்கள். "ஒரே முயற்சியில் முடிந்ததா" என்ற கட்டத்தை மட்டும் யாரும் ஏமாற்றாமல் நிரப்ப வேண்டும், இல்லை என்று எழுதியவரைத் திட்டினால் அடுத்த முறை பொய்தான் வரும். ஒருவர் பெயருக்கு நேராக இல்லை, இல்லை என்று வந்தால் அவருக்கு மறுபடி பயிற்சி. காரணக் கட்டத்தையும் மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எங்கள் நோட்டில் ஒரு ஷெட்டில் மட்டும் கால் கோளாறு அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தது, போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் ஒழுகிக் கூளம் ஒரு பக்கம் முழுக்கச் சேறாகியிருந்தது. குழாயைச் சரிசெய்து, கூளத்தை மாற்றி, அதற்கடுத்த பேட்சில் அந்தக் கட்டம் ஏறக்குறைய காலியாகவே இருந்தது.